இன்னும் கொஞ்சம் சூம் பண்ணுங்க!

கல்யாணம் முடிந்து பத்து, பதினைந்து நாள் ஆகியிருக்கும். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க இரண்டு வீட்டாரும் ஸ்டுடியோவில் கூடியிருப்பார்கள். மாப்பிள்ளையின் அசட்டுச் சிரிப்பு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் பெண்ணின் அம்மா, மூன்றாம் முடிச்சுக்கு முண்டியடிக்கும் நாத்தனார் என்று எல்லாவற்றையும் பார்த்துச் சிரித்து முடித்த பிறகு, ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வருவார். தாய்மாமனாக இருக்கலாம், பெங்களூரில் வேலை பார்க்கும் சித்தப்பா மகனாகவும் இருக்கலாம்.

"தம்பி, அந்த முகத்த சூம் பண்ணுங்க... இன்னும் கொஞ்சம்... இன்னும்..."

திரையில் இப்போது ஒரு கண்ணும் பாதி மூக்கும் மட்டும். கன்னத்தில் பொடிப் பொடியாகப் புள்ளிகள். ஜிமிக்கியின் ஓரத்தில் மெல்லிய ஊதாக் கோடு. பட்டுச் சேலையின் மடிப்பில், நெசவாளர் நெய்யாத ஒரு வானவில்.

"பாத்தீங்களா, உடையுது. கிளாரிட்டி பத்தல. என்ன கேமரா வெச்சிருக்கீங்க?"

போட்டோகிராபர் பதில் சொல்வதில்லை. படங்களைக் கம்ப்யூட்டரில் இறக்கிய அன்று ராத்திரியே அவரும் இதே முகத்தை இதே அளவுக்குப் பெரிதாக்கி, இதே புள்ளிகளைப் பார்த்துத் தூக்கம் கெட்டவர்தான். பிலிம் காலத்தில் மேக்ஸி சைஸ் பிரிண்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பதோடு வாடிக்கையாளரின் ஆராய்ச்சி முடிந்துவிடும். லூப் என்னும் பூதக்கண்ணாடியை வைத்து நெகட்டிவை நோண்டுவது லேப்காரர் வேலை. இன்று அந்த லூப் எல்லோர் கையிலும் இருக்கிறது. மவுஸின் சக்கரம் போதும். போன் என்றால் இரண்டு விரல் போதும். புதுக் கேமரா வாங்கியவர்கள் முதல் வாரத்தில் எடுக்கும் படங்களைக் கவனியுங்கள்: செங்கல் சுவர், புத்தக அலமாரி, எழுந்து போகச் சோம்பல்படும் வீட்டு நாய். அழகுக்காக எடுத்தவை இல்லை; மூலையில் இருக்கும் செங்கல் மழுங்குகிறதா என்று பார்க்க எடுத்தவை.

இந்தக் கவலையில் பெரும்பங்கு வீண் என்பது என் கட்சி. மொத்தமும் வீண் என்று சொல்லமாட்டேன். நுணுகிப் பார்த்தவர்களால் பெரிய பெரிய கம்பெனிகள் இறங்கிவந்த கதைகள் இருக்கின்றன. இன்னொன்றும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற குறைகளை நாம் துரத்தத் துரத்த, கண்ணுக்குத் தெரியாத குறைகள் படத்துக்குள் குடியேறிக்கொண்டிருக்கின்றன. கவலையைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் அதைச் செலவழிக்க வேண்டிய இடம் அதுதான்.

ஐந்தரை அடிப் படம், ஒன்றரை அடி தூரம்

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பரவலாகப் புழங்கும் 24 மெகாபிக்சல் கேமரா, ஒரு படத்தை 6,000-க்கு 4,000 புள்ளிகளாகப் பதிவு செய்கிறது. ஸ்டுடியோ மேசையில் இருக்கும் 24 அங்குல ஃபுல் எச்.டி. மானிட்டரில் இருப்பவை 1,920-க்கு 1,080 புள்ளிகள். படத்தின் ஒரு புள்ளிக்கு மானிட்டரின் ஒரு புள்ளி என்று வைத்துப் பார்ப்பதைத்தான் '100 சதவீதம்' என்கிறார்கள். அப்போது திரையில் தெரிவது மொத்தப் படத்தில் சுமார் பன்னிரண்டில் ஒரு பங்கு. மீதிப் பதினோரு பங்கும் திரைக்கு வெளியே கிடக்கும்.

அந்த மானிட்டரில் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளிகள். அதே அளவில் முழுப் படத்தையும் விரித்தால் ஐந்தரை அடி அகலம், மூன்றரை அடிக்கு மேல் உயரம் வரும். அவ்வளவு பெரிய படத்தைச் சுவரில் மாட்டி, ஒன்றரை அடி தூரத்தில் நின்றுகொண்டு, கன்னத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார் தாய்மாமன். அந்த அளவில் ஒரு படத்தை அவர் தன் வீட்டில் மாட்டப்போவதும் இல்லை. மாட்டினாலும் அவ்வளவு நெருங்கி நிற்கப்போவதும் இல்லை.

அந்தப் படம் உண்மையில் போகும் இடம் ஆல்பம். 12-க்கு 36 அங்குலப் பக்கத்தில் பாதியை, அதாவது 12-க்கு 18-ஐ, அந்த ஒரே படம் நிறைத்தால்கூட அங்குலத்துக்கு 333 புள்ளிகள் விழுகின்றன. மானிட்டரில் தெரிந்த புள்ளியைவிட இங்கே ஒவ்வொன்றும் மூன்றரை மடங்குக்கு மேல் சிறியது. நல்ல பார்வையுள்ள கண்ணால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்தறிய முடியும். பத்து அங்குல தூரத்தில் அது அங்குலத்துக்கு ஏறக்குறைய 350 புள்ளிகள். லேபிலும் அச்சகத்திலும் '300 டிபிஐ' என்பதை வேதவாக்காகச் சொல்வதன் காரணம் இதுவே. ஆல்பத்தை மடியில் வைத்துப் புரட்டும் பாட்டிக்கு அந்தக் கன்னத்துப் புள்ளி தெரியவே தெரியாது. ஆல்பத்தை விட்டால் படம் போகும் அடுத்த இடம் குடும்ப வாட்ஸ்அப் குழு. வழக்கமான முறையில் அனுப்பினால், போகிற வழியிலேயே படம் சுருங்கி, இன்னொரு முறை ஜேபெக் அழுத்தம் வாங்கிவிடும். ஜேபெக் என்பது படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாக வெட்டி, கண் அதிகம் கவனிக்காத விவரங்களைக் கழித்துவிட்டுச் சேமிக்கும் முறை, 1992-ல் தரப்படுத்தப்பட்டது. ஃபார்வர்டு ஆகி ஆகி வந்த படங்களில் எழுத்துகளைச் சுற்றி அழுக்குத் திட்டாக மொய்ப்பது இந்தக் கழித்தலின் மிச்சம்தான். லட்ச ரூபாய் லென்ஸின் மூலைக் கூர்மை அங்கே என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் அடுத்த முறை தியேட்டருக்குப் போகும்போது யோசித்துப் பாருங்கள். டிஜிட்டல் சினிமாவின் 2கே தரத்தில் அகலவாக்கில் 2,048 புள்ளிகள். ஸ்கோப் படம் என்றால் உயரம் 858. பெருக்கினால் பதினெட்டு லட்சம்கூட வராது. மெகாபிக்சலில் சொன்னால் 1.8. அதை நாற்பது அடித் திரையில் போட்டால் ஒவ்வொரு புள்ளியும் ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர் அகலம். அதற்குத்தான் விசில் பறக்கிறது, காகிதம் பறக்கிறது. முதல் வரிசைக்குப் போய்த் திரையில் மூக்கை வைத்து "உடையுது" என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், கேமரா நல்லதாக ஆக ஆகக் கவலை கூடுகிறது. 45 மெகாபிக்சல் கேமராவின் படத்தை அதே மானிட்டரில் நூறு சதவீதத்தில் பார்ப்பவர், ஏழரை அடி அகலப் படத்தைப் பார்க்கிறார். கை நடுக்கம், லென்ஸின் மழுங்கல், ஃபோகஸ் அரை அங்குலம் பின்னால் போனது எல்லாம் அந்த அளவுக்குப் பெரிதாகித் தெரியும். "பழைய கேமராதான் ஷார்ப்பா இருந்துச்சு" என்று புலம்புகிறவர் இரண்டு வேறு அளவுப் படங்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டையும் ஒரே அளவுக்குப் பிரிண்ட் போட்டால் புலம்பல் நின்றுவிடும். ஒப்பிடுவதென்றால் ஒரே அளவில் ஒப்பிட வேண்டும். கேமரா விற்கிறவர்கள் இதை எடுத்துச் சொல்வதில்லை. சொல்லி அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

புள்ளி எங்கிருந்து வருகிறது?

கன்னத்துப் புள்ளிக்குக் கேமராவைத் திட்டுவதற்கு முன்னால் வெளிச்சத்தைக் கேட்க வேண்டும். ஒளி, துகள் துகளாக வருகிறது. சென்சாரில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் தன்மேல் விழும் துகள்களை எண்ணிக்கொள்ளும் ஒரு குழி. மொட்டை மாடியில் வரிசையாக டம்ளர்களை வைத்துவிட்டுத் தூறலுக்குக் காத்திருங்கள். ஒரு நிமிடத்தில் ஒரு டம்ளரில் ஏழு துளி விழுந்திருக்கும், பக்கத்து டம்ளரில் பதின்மூன்று விழுந்திருக்கும். வானம் பாரபட்சம் காட்டவில்லை. துளிகள் அப்படித்தான் விழும். அடைமழையில் அரை மணி நேரம் வைத்திருந்தால் எல்லா டம்ளரும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். கணக்கும் அதையே சொல்கிறது. சராசரியாக நூறு துகள் விழும் இடத்தில் பத்து கூடக்குறைய இருக்கும். அது பத்து சதவீதம். பத்தாயிரம் விழும் இடத்தில் நூறு கூடக்குறைய இருக்கும். அது ஒரே சதவீதம். மண்டபத்தின் மங்கலான மூலையில் நின்ற பெண்ணின் கன்னத்தில் தெரியும் புள்ளிகள், அதாவது நாய்ஸ், பெரும்பாலும் இந்தக் கூடுதல் குறைச்சல்தான். ஐஎஸ்ஓவை ஏற்றியதால் புள்ளி வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வெளிச்சம் போதாததால் ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டியதாயிற்று. புள்ளி வந்ததும் அந்த வெளிச்சம் போதாமையால்தான். எத்தனை லட்சத்துக்குக் கேமரா வாங்கினாலும் விழாத துகளை எண்ண முடியாது.

படத்தைச் சுருக்கும்போது என்ன நடக்கிறது என்பதும் இதே கணக்குதான். 24 மெகாபிக்சலை 2 மெகாபிக்சலாகக் குறைத்தால் பன்னிரண்டு புள்ளிகள் ஒன்றாகக் கலக்கின்றன. கூடக்குறைய இருந்தவை ஒன்றையொன்று சமன்செய்து, நாய்ஸ் சுமார் மூன்றரை மடங்கு குறைந்துவிடுகிறது. நூறு சதவீதத்தில் பயமுறுத்திய அதே கன்னம் போன் திரையில் வழுவழுவென்று இருப்பது இதனால். இப்போது வரும் 200 மெகாபிக்சல் போன்கள் இதையே உள்ளுக்குள் செய்கின்றன. பதினாறு குட்டிப் புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கி, 12 மெகாபிக்சல் சொச்சம் உள்ள படத்தைக் கையில் கொடுக்கின்றன. மிச்ச எண்ணிக்கையில் பெரும்பகுதி பெட்டியின் மேல் அச்சடிக்க உதவுகிறது.

சேலையில் வந்த வானவில் வேறு கதை. சென்சாருக்கு நிறம் தெரியாது. எவ்வளவு ஒளி என்று மட்டும் தெரியும். ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என ஏதாவது ஒரு நிற வடிகட்டியைப் பதித்து, இரண்டு பங்கு பச்சைக்கு ஒரு பங்கு சிவப்பு, ஒரு பங்கு நீலம் என்று அடுக்கும் முறைக்குக் கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்றார். பெரும்பாலான கேமராக்களும் போன்களும் இன்றும் அந்தக் கோலத்தில்தான் ஓடுகின்றன. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு நிறம்தான் அளக்கப்படுகிறது. மற்ற இரண்டும் அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகிக்கப்படுகின்றன. ஆக, நீங்கள் பார்க்கும் எந்த டிஜிட்டல் படத்திலும் நிறத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம். சாதாரணமாக ஊகம் பிசகுவதில்லை. காஞ்சிபுரம் பட்டின் நெருக்கமான இழைகளும் சென்சாரின் புள்ளி வரிசையும் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் சந்திக்கும்போதுதான் கணக்குக் குழம்பி, வானவில் முளைக்கிறது. மொய்ரே என்று பெயர். கட்டம்போட்ட சட்டைக்காரர்களும் இதில் தப்புவதில்லை.

இதைத் தடுக்கச் சென்சாருக்கு முன்னால் படத்தை மயிரிழை அளவு மழுங்கடிக்கும் ஒரு வடிகட்டியை வைப்பது வழக்கமாக இருந்தது. 2012-ல் நிக்கான் டி800 என்ற 36 மெகாபிக்சல் கேமராவை வெளியிட்டபோது, அந்த வடிகட்டியின் வேலையை ரத்துசெய்த டி800ஈ என்ற இன்னொன்றையும் கூடுதல் விலையில் விற்றது. மழுங்கல் பிடிக்காதவர்கள் கூடப் பணம் கொடுத்து வானவில் அபாயத்தை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே டி7100-ல் வடிகட்டி அடியோடு காணாமல் போனது. நுணுகிப் பார்ப்பவர்களின் விருப்பம் தயாரிப்பையே மாற்றிய தருணம் அது. அந்த விருப்பத்தின் விலையைக் கல்யாண போட்டோகிராபர்கள் இன்றும் சேலை சேலையாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஊதா விளிம்பைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. லென்ஸ் எல்லா நிறத்தையும் ஒரே அளவு வளைப்பதில்லை. வெளுத்த வானத்துக்கு எதிரே தென்னங்கீற்றோ கோபுரக் கலசமோ நிற்கும்போது அது காட்டிக்கொடுத்துவிடும். மென்பொருளில் ஒரு பெட்டியை டிக் செய்தால் பெரும்பாலும் போய்விடும்.

லென்ஸ் சம்பந்தமே இல்லாத மழுங்கலுக்கும் லென்ஸ்தான் பழி சுமக்கிறது. பள்ளிக்கரணையில் பகல் பதினொரு மணிக்கு மேல் தூரத்துப் பூநாரையை 600 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்துவிட்டு, "இறகு தனித்தனியா விழல, லென்ஸ் சாஃப்ட்டு" என்று சொல்லாத பறவை போட்டோகிராபர் குறைவு. நடுவில் இருக்கும் இருநூறு மீட்டர் சூடான காற்று தளும்பிக்கொண்டிருக்கிறது. எந்த லென்ஸும் காற்றைத் துடைக்க முடியாது. காலையில் சீக்கிரம் போகலாம், பறவைக்குக் கிட்டே போகலாம். மலைக்காட்சிக்கு எஃப்/22 வைத்தால் எல்லாமே கூர்மையாக வரும் என்று நம்பி ஏமாறுவதும் இந்த வகை. துவாரம் சிறுத்தால் ஒளி சிதறும். எஃப்/16-லேயே ஒரு ஒளிப்பொட்டு இருபது மைக்ரானுக்கு மேல் விரிந்துவிடுகிறது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் சென்சாரின் ஒரு புள்ளி வெறும் ஆறு மைக்ரான்.

சூம் பண்ணியவர்கள் ஜெயித்த கதைகள்

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2006-ல் லைக்கா தன் எம்8 கேமராவை வெளியிட்டது. அந்தப் பெயருக்கு இருக்கும் மரியாதை ஊரறிந்தது. வாங்கியவர்கள் கொஞ்ச நாளிலேயே ஒன்றைக் கவனித்தார்கள்: சில கறுப்புச் செயற்கை இழைத் துணிகள் படத்தில் கத்தரிப்பூ நிறத்துக்குப் போயின. சென்சாருக்கு மேல் இருந்த அகச்சிவப்புத் தடுப்பு மிக மெல்லியதாக இருந்ததுதான் காரணம். கண்ணுக்குத் தெரியாத ஒளியைக் கேமரா பார்த்துவிட்டது. கடைசியில் லென்ஸில் மாட்டிக்கொள்ள ஆளுக்கு இரண்டு வடிகட்டிகளை லைக்கா இலவசமாகக் கொடுக்க வேண்டிவந்தது.

2008-ல் வந்த கேனன் 5டி மார்க் 2-வில், இரவுக் காட்சிகளில் விளக்குப் பொட்டுகளின் வலது பக்கத்தில் கறுப்புப் புள்ளி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. பெரிதாக்கிப் பார்க்காதவர் கண்ணில் படவே படாது. பெரிதாக்கிப் பார்த்தவர்கள் போட்ட சத்தத்தில், 2009 ஜனவரியில் திருத்தப்பட்ட ஃபர்ம்வேர் வந்தது. நிக்கான் டி600 கதை இன்னும் நீளம். 2012-ல் வந்த அந்தக் கேமராவின் படங்களில், வானத்தின் ஓரத்தில் தூசியும் எண்ணெய்த் துளியுமாகச் சாம்பல் நிறப் பொட்டுகள் சேர்ந்துகொண்டே போயின. துடைத்தாலும் திரும்ப வந்தன. அடுத்த ஆண்டே புது ஷட்டரோடு டி610 வந்தது. 2014-ல், வாரன்டி முடிந்தவர்களுக்கும் இலவசமாகச் சுத்தம் செய்து, தேவைப்பட்டால் ஷட்டரையே மாற்றித் தருவதாக நிக்கான் அறிவித்தது.

இந்த மூன்றிலும் நுணுகிப் பார்த்தவர்கள் தேடியது ஒழுங்கை. ஒரே இடத்தில், ஒரே மாதிரி, திரும்பத் திரும்ப வருகிற குறைதான் கருவியின் குறை. நாய்ஸ் ஒவ்வொரு படத்திலும் இடம் மாறும். தூசிப் பொட்டு எல்லாப் படத்திலும் அதே இடத்தில் நிற்கும். புதுக் கேமரா வாங்குபவர்கள் மாற்றிக்கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்ய வேண்டிய ஆராய்ச்சி இதுதான்: எஃப்/16 வைத்து வெறும் வானத்தை ஒரு படம், மூடியைப் போட்டுச் சில வினாடி எக்ஸ்போஷரில் ஒரு படம், எரிந்த புள்ளிகள் ஒளிர்கின்றனவா என்று பார்க்க, சமதளச் சுவரை நேராக நின்று ஒரு படம், ஒரு பக்கம் மட்டும் மழுங்குகிறதா என்று பார்க்க. அன்றைக்கு இருநூறு சதவீதம்கூடப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

கல்யாண மண்டபத்தில் இப்போது உண்மையிலேயே பயப்பட வேண்டிய குறைக்குப் பெரிதாக்கிப் பார்க்கவே தேவையில்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்.இ.டி. விளக்குகள் வினாடிக்கு நூறு முறை மின்னி அடங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது. சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை வேகமாக வைத்து எடுத்தால் மட்டும் மேடை முழுக்கக் குறுக்கே பட்டை பட்டையாக விழும். கெட்டிமேளம் முழங்கி முடிந்த பிறகு அதைத் திருத்த எந்த மென்பொருளும் ஒழுங்காக உதவாது. ஷட்டரை நூறில் ஒரு வினாடிக்கோ ஐம்பதில் ஒரு வினாடிக்கோ இறக்கி, மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறினால் தீர்ந்தது. ரிசப்ஷனில் சுழலும் லேசர் விளக்கு இன்னும் மோசம். நேராக லென்ஸுக்குள் பாய்ந்தால் சென்சாரில் நிரந்தரமாகக் கோடு விழலாம். கன்னத்துப் புள்ளிக்கு விடியவிடிய விழித்திருந்தவர், இதையெல்லாம் முகூர்த்தத்துக்கு முன்னாலேயே பார்த்துவைத்திருந்தால் புண்ணியம்.

களுத்துறையில் ஒரு பெண்மணி

குறை கண்டு பதறுவது டிஜிட்டலோடு வந்த பழக்கம் என்று நினைக்க வேண்டாம். ஜூலியா மார்கரெட் கேமரன் 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். நாற்பத்தெட்டு வயதில், இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்தபோது, மகளிடமிருந்து பரிசாக ஒரு கேமரா வந்தது. கண்ணாடித் தகட்டில் ஈர ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவும் காலம். அவர் எடுத்த முகங்களில் ஃபோகஸ் மென்மையாகக் கரைந்திருக்கும். தகட்டில் கீறலும் ரசாயனக் கறையும் கைரேகையும் இருக்கும். அந்தக் கால போட்டோகிராபி நிபுணர்கள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். தொழில் தெரியாதவர் என்றார்கள். அந்த முகங்கள்தான் இன்று உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவரைத் திட்டியவர்கள் எடுத்த படுகூர்மையான படங்கள் எங்கே இருக்கின்றன என்று தேடத்தான் வேண்டும். 1875-ல் அவர் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். களுத்துறையில் கேமராவைத் திரும்ப எடுத்து, அங்கிருந்த எளிய மக்களைப் படம்பிடித்தார். 1879-ல் அந்தத் தீவிலேயே இறந்தார். கணவர் யார் என்று தெரிந்தால் இலங்கைத் தமிழ் வாசகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்: பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் வரும் கோல்புறூக்–கமரன் சீர்திருத்தத்தின் அந்தக் கமரன்தான்.

நம் பக்கத்தில் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன்; காட்டுயிர்களைப் பற்றி எழுதியும் எடுத்தும் 1996 வரை வாழ்ந்தவர். வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளை ஒட்டவைத்துத் தானே ஒப்பேற்றிய ஒரு பெட்டிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளைதான் அவருக்குப் பிடித்தது. அந்த யானைகளை இன்றைய கண்ணோடு பெரிதாக்கிப் பார்த்தால் கிரெயின் தெரியும். கூடவே, யானை அந்த நிமிடத்தில் என்ன மனநிலையில் நின்றது என்பதும் தெரியும்.

கிரெயினும் மழுங்கலும் இருந்தால்தான் கலை என்று சிலர் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். அது இன்னொரு வகைப் பாசாங்கு. ஃபோகஸ் தவறிய பாஸ்போர்ட் படம் வெறுமனே ஃபோகஸ் தவறிய பாஸ்போர்ட் படம்தான்.

நட்சத்திரம் தின்னும் கேமரா

இப்போது கவலைப்பட வேண்டிய இடத்துக்கு வருவோம். இரவு வானத்தை எடுப்பவர்கள் சில சோனி ஆல்பா 7 வகைக் கேமராக்களில் ஒரு விசித்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். சில வினாடிகளுக்கு மேல் எக்ஸ்போஷர் கொடுத்தால் சிறிய நட்சத்திரங்கள் காணாமல் போயின. காரணம் இது: நீண்ட எக்ஸ்போஷரில் சென்சாரின் சில புள்ளிகள் சூடாகித் தாமாகவே ஒளிரும். அந்தக் குறையை வாடிக்கையாளர் பார்க்கக் கூடாது என்று, தனித்து ஒளிரும் புள்ளிகளைத் தேடி அழிக்கும் ஏற்பாட்டைக் கேமராவுக்குள் வைத்திருந்தார்கள். கறுப்பு வானத்தில் தனித்து ஒளிரும் சின்னஞ்சிறு புள்ளிக்கு இன்னொரு பெயர் நட்சத்திரம். கைபடாத மூலக் கோப்பு என்று நம்பப்படும் ரா ஃபைலிலேயே அது அழிந்துபோயிருந்தது.

குறையை மறைக்கும் வேலை உண்மையைத் தின்பதற்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. எரிந்த புள்ளி நாலு இருந்திருந்தால் நாமே பார்த்து நீக்கியிருப்போம். இல்லாமல் போன நட்சத்திரத்தை எத்தனை சதவீதம் பெரிதாக்கினாலும் பார்க்க முடியாது.

போன்கள் இந்த வழியில் வெகுதூரம் போய்விட்டன. 2023 மார்ச்சில் ஒருவர் நிலாப் படம் ஒன்றை வேண்டுமென்றே மழுங்கடித்து, மானிட்டரில் போட்டு, இருட்டறையில் தள்ளி நின்று சாம்சங் போனில் எடுத்தார். மானிட்டரில் இல்லாத பள்ளங்கள் போனில் எடுத்த படத்தில் இருந்தன. நிலா எப்படி இருக்கும் என்று போனுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது. பார்த்ததோடு தெரிந்ததையும் சேர்த்து வரைந்துவிட்டது. விவரங்களைக் கூட்டிக்காட்டச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதாக அந்த நிறுவனமே பிறகு விளக்கமளித்தது. நிலா எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் முகம் அப்படியில்லை. இருட்டில் எடுத்த முகத்தின் நாய்ஸைத் துடைக்கச் சொன்னால், இன்றைய மென்பொருள் இல்லாத இமைமுடியையும் தோலின் துளைகளையும் அழகாக நட்டுத் தருகிறது. தாய்மாமன் பெரிதாக்கிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டுவார். அந்த இமைமுடி மணப்பெண்ணுடையது இல்லை என்பது யாருக்கும் தெரியாது.

இமைமுடியில் தப்பு வந்தால் போகட்டும், எண்ணில் வந்தால்? 2013-ல் ஜெர்மனியின் டேவிட் கிரீசல் என்ற கணினி அறிஞர், ஒரு கட்டட வரைபடத்தை ஸிராக்ஸ் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தபோது அறைகளின் அளவுகள் மாறியிருப்பதைக் கண்டார். கோப்பைச் சுருக்குவதற்காக, ஒத்த வடிவங்களை ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாகப் போடும் முறை உள்ளே இருந்தது. தேய்ந்த 6 சில இடங்களில் பளிச்சென்ற 8 ஆகிவிட்டது. மங்கலாக வந்திருந்தால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். பளிச்சென்று வந்ததால்தான் நம்பினார்கள். அந்த நிறுவனம் மென்பொருளைத் திருத்த வேண்டிவந்தது. பத்திரத்தையும் மருந்துச்சீட்டையும் போனில் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருக்கும் ஊரில் இந்தக் கதையை அடிக்கடி சொல்ல வேண்டும்.

நாய்ஸும் ஒரு சாட்சி

சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒளிக்கு மிகமிகச் சிறிய அளவில் வேறுபட்டுப் பதில் தருகிறது. சிலிக்கானில் உற்பத்தியின்போதே நேரும் ஒழுங்கின்மை அது. ஒரே தொழிற்சாலையில், ஒரே நாளில் செய்த இரண்டு கேமராக்களுக்குக்கூட அந்த ஒழுங்கின்மை ஒன்றாக இருக்காது. நியூயார்க் மாநிலத்தின் பிங்கம்டன் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஃப்ரிட்ரிச்சும் அவருடைய சகாக்களும் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளுக்குள்ளேயே இதை ஒரு தடயமாக மாற்றிக்காட்டினார்கள். ஒரு கேமராவில் எடுத்த பல படங்களின் நாய்ஸைப் பிரித்தெடுத்துச் சராசரி கண்டால், அந்தச் சென்சாரின் கைரேகை கிடைத்துவிடும். சந்தேகத்துக்குரிய படத்தின் நாய்ஸை அதோடு ஒப்பிட்டு, இந்தப் படம் இந்தக் கேமராவில் எடுத்ததுதானா, நடுவில் எங்காவது வெட்டி ஒட்டியிருக்கிறதா என்று சொல்ல முடியும். (ரூபிக் கனசதுரத்தை வேகமாகத் தீர்க்கும் பிள்ளைகளுக்கு ஃப்ரிட்ரிச் என்ற பெயர் வேறு காரணத்தால் பழக்கம். அதே அம்மையார்தான்.) நாய்ஸை வழித்துத் துடைத்த படத்தில் இந்தச் சாட்சியும் பலவீனப்பட்டுவிடுகிறது.

செய்திப் படங்களின் உலகம் இதை அனுபவத்தில் கற்றுக்கொண்டது. வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில் கடைசிச் சுற்றுகளை எட்டும் படங்களுக்கு மூலக் கோப்பையும் கேட்டு வாங்குகிறார்கள். நிபுணர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நூறு சதவீதம் பெரிதாக்கி, அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறார்கள். 2015-ல் இறுதிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களில் 20 சதவீதம் இந்தச் சோதனையில் விழுந்தன. படத்தைச் சுத்தமாக்குவதாக நினைத்துச் சின்னச் சின்ன இடைஞ்சல்களை அழித்தவர்களும், இருட்டைக் கூட்டி விவரங்களைப் புதைத்தவர்களும் அதில் இருந்தார்கள். 2010-ல் விளையாட்டுப் பிரிவில் மூன்றாம் பரிசு அறிவிக்கப்பட்ட பிறகு ஒரு படத்தின் மூலக் கோப்பை வாங்கிப் பார்த்தார்கள். பின்னணியில் நின்ற ஒருவரின் பாதத்தில் ஒரு துண்டு காணவில்லை. மொத்தப் படத்தில் அது கடுகளவு. யாரும் கவனித்திருக்கவும் மாட்டார்கள். பரிசு ரத்தானது.